சிடியில் கடைசிப் பாட்டுகள் மட்டும் திக்குகின்றன, உதவுங்கள்

பாட்டுக்கிறுக்கன்: அவசரம், நாளைக்குள் வேண்டும். பாட்டு சிடி எழுதினேன். கணினியில் ஒழுங்காக ஓடுகிறது, பிளேயரில் போட்டால் கடைசி நாலு பாட்டு திக்கித் திக்கி நின்றுவிடுகிறது. மூன்று சிடி வீண்.

குறுந்தட்டு: எந்த பிளேயர்? எம்பி3 கோப்புகளாகவே போட்டீர்களா, ஆடியோ சிடியாக எழுதினீர்களா? ஒரே தடவை எழுதும் சிடி-ஆரா, அழித்து எழுதும் ஆர்டபிள்யூவா?

சும்மாஇரு: ஆர்டபிள்யூவாகத்தான் இருக்கும். அதில் ஒளி திரும்புவது குறைவு, பழைய பிளேயருக்குக் கண் தெரியாது. எனக்கும் இதேதான் நடந்தது.

ஒலிப்பேழை: அப்படியென்றால் முதல் பாட்டே ஓடாது ஐயா. கேள்வியைப் படித்துவிட்டுப் பதில் சொல்லலாம். இதே கேள்வி எத்தனை தடவை வந்துவிட்டது, தேடிப் பார்க்க யாருக்கும் பொறுமை இல்லை. சிடியை பிளேயர் உள்ளிருந்து வெளியே படித்துக்கொண்டு போகும். கடைசிப் பாட்டு என்றால் விளிம்பு. மொத்தம் எத்தனை நிமிடம்? என்ன வேகத்தில் எழுதினீர்கள்?

பாட்டுக்கிறுக்கன்: கார் பிளேயர். ஆடியோதான், சிடி-ஆர். 79 நிமிடம் சொச்சம். வேகம் 52, அதாவது பாட்டு ஓடும் வேகத்தைப் போல 52 மடங்கு.

மெதுவா: 52ஆ! போச்சு. 4இல் எழுதுங்கள்.

ஒலிப்பேழை: அது பழைய கதை. இப்போதைய தட்டுகளில் பதிவு விழும் சாயமே வேகத்துக்கென்று செய்தது. ரொம்ப மெதுவாக எழுதினால் பிழை கூடவும் செய்யும். 16 போதும்.

மெதுவா: பத்து வருடமாக 4இல்தான் எழுதுகிறேன். ஒலியே தனி இனிமை.

சும்மாஇரு: பிழையில்லாமல் எழுதியிருந்தால் எந்த வேகத்திலும் ஒலி ஒன்றுதானே?

ஒலிப்பேழை: அவர் காது அப்படி, விடுங்கள்.

குறுந்தட்டு: சண்டை அப்புறம். கிறுக்கன், மேலே காகித ஸ்டிக்கர் ஒட்டினீர்களா?

பாட்டுக்கிறுக்கன்: ஆமாம், மூன்றிலும். பெயரெல்லாம் அழகாக அச்சடித்து. அதற்கும் இதற்கும் என்ன?

குறுந்தட்டு: என் சந்தேகம் அதன்மேல்தான். துளி கோணலாக ஒட்டினாலும் எடை ஒரு பக்கம் சாயும், சுற்றும்போது தட்டு தள்ளாடும். ஆட்டம் விளிம்பில்தான் அதிகம், நீங்களோ விளிம்பு வரை நிரப்பியிருக்கிறீர்கள். காருக்குள் சூடு வேறு, தட்டு லேசாக வளைந்துவிடும். கணினி திரும்பத் திரும்ப முயன்று எப்படியோ படித்துவிடும், கார் பிளேயருக்கு அந்தப் பொறுமை கிடையாது. ஸ்டிக்கர் இல்லாமல், 74 நிமிடத்துக்குள், 16இல் புதிதாக ஒன்று எழுதிப் பாருங்கள். ஒட்டியதைப் பிய்த்துவிடாதீர்கள். பளபளப்பான அடுக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறது, மேலே மெல்லிய பூச்சு மட்டும்தான். கையோடு வந்துவிடும்.

பாட்டுக்கிறுக்கன்: பிய்த்துவிட்டேன். பாதி வெள்ளி காகிதத்தோடு வந்துவிட்டது.

குறுந்தட்டு: சரி, அதைத் தூக்கிப் போடுங்கள்.

பாட்டுக்கிறுக்கன்: இரண்டு பாட்டை எடுத்துவிட்டு 16இல் எழுதினேன். ஸ்டிக்கர் இல்லை, மார்க்கர்தான். கடைசி வரை ஓடுகிறது. நன்றி, கிளம்புகிறேன்.

மெதுவா: 4இல் எழுதியிருந்தால் அந்த இரண்டு பாட்டும் தப்பித்திருக்கும்.