கேட்டையைச் சுற்றியுள்ள விண்மீன்கள் உண்மையில் விரிகின்றனவா? கணக்கில் உதவி தேவை

மாடிவானம்:
விண்மீன்களின் இடத்தையும் நகர்வையும் அளந்த கையா விண்கலத்தின் மூன்றாம் தரவு வெளியீட்டில் (2022) இருந்து, கேட்டையைச் சுற்றியுள்ள அப்பர் ஸ்கார்பியஸ் கூட்டத்தின் இளம் விண்மீன்களை எடுத்து, அவற்றின் நகர்வை அம்புக்குறிகளாகப் போட்டேன். எல்லா அம்பும் தென்மேற்கைப் பார்த்தன. சராசரியைக் கழித்ததும் எல்லாம் நடுவிலிருந்து வெளியே ஓடுகின்றன! ஒரே மகிழ்ச்சி. ஆனால் 10 டிகிரி தள்ளியிருக்கும் விண்மீன் விலகும் வேகம் நொடிக்கு 1 கி.மீ.தான். தொலைவு 140 பார்செக் (ஒரு பார்செக் சுமார் 3.26 ஒளியாண்டு) என்றால் அது நடுவிலிருந்து 24 பார்செக் தள்ளி இருக்கிறது. பின்னோக்கி ஓட்டினால் 2.4 கோடி ஆண்டு வருகிறது. இந்த விண்மீன்களின் வயதோ ஒரு கோடியை ஒட்டித்தான். பிறப்பதற்கு முன்பே கிளம்பிவிட்டனவா? எங்கே தப்பு?

சாய்கோணம்:
வலஏற்ற நகர்வை (கிழக்கு–மேற்கு நகர்வை), வான நடுக்கோட்டிலிருந்து விண்மீன் விலகிய கோணத்தின் கொசைனால் பெருக்கினீர்களா? கையா ஏற்கனவே பெருக்கித்தான் தருகிறது.

மாடிவானம்:
ஐயோ, பெருக்கியிருந்தேன் சார். எடுத்துவிட்டேன். கூட்டமே சுழல்வது போல ஒரு சாயல் இருந்தது, அது போய்விட்டது. விரிவு மட்டும் அப்படியே நிற்கிறது.

பழைய தொலைநோக்கி:
தேர் நம்மை நோக்கி வரும்போது அதன் இரு ஓரமும் விலகுவது போலத் தெரியுமே, அதுதான் இது. இந்தக் கூட்டம் நொடிக்குச் சுமார் 5 கி.மீ. வேகத்தில் நம்மை நெருங்குகிறது. 5-ஐ 10 டிகிரியின் சைனால் பெருக்கிப் பாருங்கள்: 0.9 கி.மீ. உங்கள் "விரிவு" அனேகமாக முழுவதும் இதுதான். வானத்தில் இவ்வளவு அகலமாகக் கிடக்கும் கூட்டத்துக்குச் சராசரி நகர்வைக் கழித்தால் போதாது. கூட்டத்தின் முப்பரிமாண வேகத்தை வைத்து, ஒவ்வொரு விண்மீனின் திசைக்கும் இடமாறு கோணத்துக்கும் (தொலைவைத் தரும் அளவு) எதிர்பார்க்கும் நகர்வைக் கணக்கிட்டு, அதைக் கழியுங்கள்.

இந்தத் திருத்தம் சின்ன விஷயம் இல்லை. இத்தகைய கூட்டங்கள் விரிகின்றன என்று 1940-களிலேயே சோவியத் வானியலாளர் அம்பார்ட்சுமியன் சொன்னார். நெருக்கமாகப் பிறந்த கொத்திலிருந்து வாயு வெளியேறியதும் ஈர்ப்புப் பிடி தளர்ந்து விண்மீன்கள் சிதறின என்பது அதற்குப் பின்னால் வந்த விளக்கம். ஓரியன் திசையில் உள்ள லாம்டா ஓரியானிஸ் கூட்டத்தில் நடுவிலிருந்து விரிவது நன்றாகவே தெரிகிறது. ஆனால் உங்கள் அப்பர் ஸ்கார்பியஸ் அடங்கிய ஸ்கார்பியஸ்–சென்டாரஸ் பகுதியில் ஒற்றைக் கொத்து வெடித்துச் சிதறியதற்கான தடயம் கிடைக்கவில்லை. வாயு மேகத்தின் வெவ்வேறு மூலைகளில் சின்னச் சின்னக் குழுக்களாகப் பிறந்தவை என்றால்தான் பொருந்துகிறது.

மாடிவானம்:
நீங்கள் சொன்னபடி செய்தேன். ஓரத்தில் 1 கி.மீ. இருந்தது 0.2-க்குக் கீழே வந்துவிட்டது. அழகான படம் போயே போச்சு! இப்போது அம்புகள் நாலைந்து கொத்தாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் ஒரு பக்கம் பார்க்கின்றன. இதுவும் பிழையா?

பழைய தொலைநோக்கி:
இதைத்தான் எதிர்பார்த்தேன். கொத்துக் கொத்தாகப் பிரித்துத் தனித்தனியே பின்னோக்கி ஓட்டுங்கள். அதற்கு முன் ரூவே மதிப்பு (RUWE: ஒற்றை விண்மீன் என்று கொண்டால் அளவீடு எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் கையா எண்) 1.4-க்கு மேல் உள்ளவற்றைத் தள்ளிவிடுங்கள். பெரும்பாலும் அவை இரட்டை விண்மீன்கள், துணையைச் சுற்றும் ஆட்டம் நகர்வில் கலந்துவிடும். அப்புறம், நொடிக்கு 1 கி.மீ. என்றால் பத்து லட்சம் ஆண்டில் ஏறக்குறைய 1 பார்செக். இதை மனதில் வைத்தால் எந்த வயதை நம்பலாம் என்று கண்ணாலேயே தெரிந்துவிடும்.