மறு: கேப் ரிவால்வரின் நிப்பிளுக்குத் தமிழில் என்ன சொல்வது?

அன்புள்ள காக்கா, மற்ற நண்பர்களுக்கும் வணக்கம்.

இந்த இழை நீண்டுகொண்டே போகிறது, ஆனால் காக்கா கேட்டதற்கு இன்னும் யாரும் பதில் சொன்னதாகத் தெரியவில்லை. பழைய கைத்துப்பாக்கிகள் பற்றி அவர் எழுதும் கட்டுரையில், தேய்ந்த நிப்பிளை (ரிவால்வரில் வெடிக்கும் கேப்பை மாட்டும் சின்ன உறுப்பு) கழற்றிவிட்டுச் சரியான அளவில் புதியது போடுவது எப்படி என்று ஒரு பகுதி வருகிறது. விவரங்களை அமெரிக்காவில் இருக்கும் அவருடைய தம்பி மகன் அனுப்புகிறார். அந்தப் பகுதிக்குத்தான் சொல் வேண்டும். நாமோ அந்தச் சொல் கூச்சமாக இருக்கிறதா இல்லையா என்பதிலேயே நிற்கிறோம்.

> அகராதியில் முலைக்காம்பு என்று இருக்கிறதே, அப்படியே போட்டால் என்ன?

போடலாம் ஐயா, குற்றமில்லை. கூச்சம் எனக்கும் இல்லை. ஆனால் "ரிவால்வரின் முலைக்காம்பு தேய்ந்துவிட்டால்" என்று எழுதினால் படிக்கிறவர் அந்த இடத்தில் சிரித்துவிட்டு அளவைக் கோட்டை விட்டுவிடுவார். இன்னொன்று, ஆங்கிலத்திலேயே இந்த உறுப்புக்கு ஒரே பெயர் கிடையாது. அந்தக் காலத்து அமெரிக்க ராணுவக் கையேடுகள் இதைக் கூம்பு என்ற பொருள் தரும் சொல்லால்தான் குறித்தன. அதனால் காம்பைப் பிடித்துத் தொங்க வேண்டிய கட்டாயம் நமக்கு இல்லை.

> நிப்பிள் என்றே விட்டுவிடலாம், பட்டறையில் எல்லாருக்கும் தெரியும்.

அண்ணே, தெரியும்தான், அதுதான் சிக்கலே. நான் மண்டபத்தில் விசைப்படகு இன்ஜின் வேலை பார்க்கிறவன். என்னிடம் வந்து நிப்பிள் என்றால் முதலில் கிரீஸ் நிப்பிளைத்தான் எடுப்பேன். பிளம்பர் இரண்டு பக்கமும் மரை (திரெட்) போட்ட குட்டைக் குழாயை எடுப்பார், வயதான அம்மா யாராவது இருந்தால் மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் பின் குத்துகிற நிப்பிளை நினைப்பார். ராமநாதபுரத்தில் எந்த ஹார்டுவேர் கடையில் கேட்டாலும் "எதுக்குண்ணே?" என்ற கேள்வி வராமல் சாமான் வராது. ஆகவே சொல் எதுவானாலும் அந்த "எதுக்கு" அதிலேயே இருக்க வேண்டும் என்பது என் முதல் கருத்து.

சரி, இந்த உறுப்பு என்ன செய்கிறது? ரிவால்வர் உருளையின் ஒவ்வொரு அறைக்கும் பின்பக்கம் ஒன்று என்று திருகியிருக்கும், ஆறு அறை என்றால் ஆறு. அதன் வெளிமுனையில் செம்பாலான சின்னக் கேப்பைத் தொப்பி மாதிரி மாட்டுவார்கள். அடிக்கிற உறுப்பான குதிரை விழுந்து கேப்பை அடிக்கும், கேப்புக்குள் இருக்கும் மருந்து வெடிக்கும், நெருப்பு நடுத்துளை வழியாக அறைக்குள் போய்க் கருமருந்தைப் பற்றவைக்கும். அதாவது ஒரு முனை இரும்போடு பேசுகிறது, மறுமுனை கேப்போடு பேசுகிறது. காக்காவின் வரைவில் "நிப்பிள் அளவு" என்று ஒரே நிரல் இருக்கிறது பாருங்கள், அதுதான் எனக்கு உறுத்துகிறது. மரைக்கு ஓர் அளவு, கேப்புக்கு வேறோர் அளவு. இரண்டுக்கும் சம்பந்தமே கிடையாது. "11 அளவு நிப்பிள்" என்று ஒருவர் வாங்கினால் அந்த 11 கேப்பின் எண், மரையைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை.

மரை என் தொழில் என்பதால் இதைக் கொஞ்சம் விரித்தே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இன்று பியெட்டா, உபெர்ட்டி போன்ற இத்தாலியக் கம்பெனிகள் பழைய ரிவால்வர்களைப் பார்த்துச் செய்யும் நகல்களில் பெரும்பாலும் வருவது 6 மி.மீ. விட்டம், 0.75 மி.மீ. பிட்ச் (ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் இடையே உள்ள தூரம்). நம் கடைகளில் கிடைக்கும் சாதாரண 6 மி.மீ. போல்ட்டுக்குப் பிட்ச் 1 மி.மீ., ஆகவே "6 மி.மீ. மரைதானே" என்று கையில் கிடைத்ததை முறுக்குவதற்கு வழியில்லை. ரூகர் ஓல்டு ஆர்மி என்ற அமெரிக்க ரிவால்வருக்கு 12-28 என்ற மரை. அது அங்குலக் கணக்கு: வெளிவிட்டம் 0.216 அங்குலம், ஓர் அங்குலத்துக்கு 28 மரை, நம் கணக்கில் ஏறக்குறைய 5.5 மி.மீ. விட்டம், 0.9 மி.மீ. பிட்ச். இப்போது 12-28 நிப்பிளை 6-0.75 துளையில் வைத்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். விட்டம் குறைவு என்பதால் உள்ளே நுழையும், பிட்ச் ஒத்துவராததால் சிறிது ஏறியதும் இறுகும், இறுகியதைப் பொருந்தியது என்று நினைத்துக்கொள்வார்கள். பிடித்திருப்பது மரையின் நுனி மட்டும்தான். வெடிக்கும்போது அழுத்தம் பின்னால்தான் தள்ளும், பின்னால் இருப்பது சுடுகிறவரின் முகம். 6 மி.மீ. நிப்பிளை 12-28 துளையில் வலுக்கட்டாயமாக ஏற்றினால் உருளையின் மரையே போய்விடும், அந்த உருளை அப்புறம் காட்சிக்குத்தான் ஆகும்.

எனவே கட்டுரையில் கம்பெனி பெயரை வைத்துப் பட்டியல் போட்டுவிட்டு முடித்துவிடாதீர்கள் காக்கா. இருக்கிற ஒன்றைக் கழற்றி வெர்னியரில் வெளிவிட்டத்தையும் மரை கேஜில் பிட்சையும் பார்த்த பிறகுதான் வாங்க வேண்டும் என்று ஒரு வரி கட்டாயம் வரட்டும். புதியது விரலாலேயே கடைசி வரை ஏற வேண்டும், சாவி கடைசி இறுக்கத்துக்கு மட்டும்.

கேப் பக்கம் வேறு கதை. 10, 11 என்று எண்கள் உண்டு, ஆனால் ஒரு கம்பெனியின் 10-ம் இன்னொன்றின் 10-ம் ஒரே அளவு என்று நம்ப முடியாது, உயரமும் வேறுபடும். கேப் கட்டைவிரல் அழுத்தத்தில் அடிவரை இறங்கி, தானாக நிற்க வேண்டும். இறுக்கமாகிப் பாதியில் நின்றால் குதிரையின் முதல் அடி அதைக் கீழே தள்ளுவதற்கே செலவாகிவிடும், இரண்டாவது அடியில்தான் வெடிக்கும். தொளதொளவென்று இருந்தால் பக்கத்து அறை சுடும் அதிர்ச்சியில் கழன்று விழும், இல்லையென்றால் சிதறிய செம்புத் துண்டு உள்ளே சிக்கி உருளையைச் சுற்ற விடாது. சிலர் கேப்பை விரலால் நசுக்கி நீள்வட்டமாக்கி மாட்டுகிறார்கள் என்று தம்பி மகன் எழுதியிருக்கிறார். வேலை நடக்கும், ஆனால் அது சமாளிப்பு, அளவுப் பொருத்தம் ஆகாது.

மூன்றாவதாக உயரம். நிப்பிள் குட்டையாக இருந்தால் குதிரை கேப்பைச் சரியாக எட்டாமல் இரும்பிலேயே போய் நின்றுவிடும். நெட்டையாக இருந்தால் மாட்டிய கேப் பின்னால் உரசி உருளை சுற்றாது. கேப் இல்லாமல் வெறும் குதிரையைத் தட்டித் தட்டி விளையாடினால் முனை நசுங்கி விரியும், அப்புறம் சரியான கேப்கூட ஏறாது. துளையும் சுடச்சுட அரித்துப் பெரிதாகும். பெரிதானால் அழுத்தம் பின்னால் கசிந்து குதிரையையே தூக்கிவிடும், கேப்பும் கிழியும். ஒன்று தேய்ந்தாலும் மொத்தமாக மாற்றுவதுதான் நல்லது, ஆறும் ஒரே மாதிரி நடந்துகொள்ளும்.

இனி சொல்லுக்கு வருகிறேன். திருப்பத்தூர் ஐயா எழுதியிருந்தார்:

> மருது பாண்டியர் காலத்திலேயே இதற்கு நம்மிடம் சொல் இருந்திருக்கும், தேடினால் கிடைக்கும்.

கிடைக்காது ஐயா. மருது சகோதரர்களைத் தூக்கிலிட்டது 1801, கட்டபொம்மனை 1799. அடித்தால் வெடிக்கும் மருந்தைத் துப்பாக்கிக்குப் பயன்படுத்தி ஸ்காட்லாந்துப் பாதிரியார் அலெக்சாண்டர் ஃபோர்சைத் காப்புரிமை வாங்கியதே 1807. (வாத்து வேட்டைக்காரர் அவர். பழைய துப்பாக்கியில் நெருப்புப் பற்றவைக்கும் கிண்ணத்தில் மருந்து பளிச்சென்று எரிவதைப் பார்த்துப் பறவை தப்பிவிடுகிறது என்ற எரிச்சலில் தொடங்கியது. நம் கடற்கரைக்கு வரும் பறவைகளைச் சுட வந்த துரைமாரும் அதே எரிச்சலில் இருந்திருப்பார்கள்.) செம்புக் கேப் அதற்கும் பிறகு, சாமுவேல் கோல்ட் ரிவால்வருக்கு அமெரிக்கக் காப்புரிமை வாங்கியது 1836. இல்லாத உறுப்புக்குப் பெயர் எப்படி இருக்கும்? ஆனால் உங்கள் பேச்சிலிருந்து எனக்கு ஒன்று கிடைத்தது. திரித்துப்பாக்கிக்கும் பீரங்கிக்கும் நெருப்பு வைக்கும் துளையைப் பற்றுவாய் என்று சொல்வது பழைய வழக்கு. கேப் துப்பாக்கியில் அந்த வாய்க்கு மேலேதான் இந்தக் காம்பு வந்து உட்கார்ந்தது. ஆகவே பற்றுக்காம்பு. "எதுக்கு" என்ற கேள்விக்கு விடை முன்பாதியில் இருக்கிறது, உருவம் பின்பாதியில் இருக்கிறது. கிரீஸ் நிப்பிளோடும் ஸ்டவ் நிப்பிளோடும் குழம்பாது.

மற்ற பரிந்துரைகளைத் தள்ளுவதற்குக் காரணம் சொல்லிவிடுகிறேன். கூம்பு நல்ல சொல்தான், ஆனால் மேல்முனையை மட்டும் சொல்ல அது தனியாகத் தேவைப்படுகிறது. குமிழ் என்றால் உருண்டையாக மனத்தில் வருகிறது, இது உருண்டை இல்லை. எரிமுனை கேட்க அழகு, ஆனால் அடுப்புக்காரர்கள் ஏற்கெனவே பர்னருக்கு அதைப் பிடித்து வைத்திருக்கிறார்கள்.

பரமக்குடிப் புலவர் ஐயா அடுத்து என்ன கேட்பார் என்று தெரியும், வினைத்தொகை என்றால் நடுவில் க் மிகாதே, பற்றுகாம்பு என்றல்லவா வர வேண்டும் என்பார். பற்று என்பதைப் பெயராகக் கொண்டால் மிகும் ஐயா. வாயில் நிற்பதும் க் இருந்தால்தான் நிற்கிறது. நீங்கள் வேறு முடிவு சொன்னால் கேட்டுக்கொள்கிறேன், இதற்காகச் சண்டை போட மாட்டேன்.

கேப்புக்குச் சொல் செய்ய வேண்டாம் என்பது என் கட்சி. "அதிர்வெடி மூடி" என்று ஒருவர் எழுதியிருந்தார், அதைப் படித்தால் சோடா பாட்டில்தான் நினைவுக்கு வருகிறது. கேப் வெடி தெரியாத பிள்ளை நம் ஊரில் உண்டா? அப்படியே இருக்கட்டும். அடிக்கிற உறுப்புக்குக் குதிரை, விரல் வைக்கிற இடத்துக்கு விசை. சிலர் இரண்டுக்கும் குதிரை என்கிறார்கள், கட்டுரைக்குள் பிரித்தே எழுதுவோம். நடுத்துளைக்குத் தீத்துளை, மேல்முனைக்குக் கூம்பு, கழற்றும் கருவிக்குக் காம்புச் சாவி. திரெட் என்பதற்குப் பாடநூலில் புரி என்றிருந்தாலும் மரை என்றே போடுங்கள், லேத் பட்டறையில் வேறு சொல் புழங்கவில்லை.

பராமரிப்புப் பத்தியில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. கருமருந்து எரிந்த கரி காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், எஃகைச் சீக்கிரம் அரிக்கும். உப்புக்காற்று அடிக்கும் ஊரில் மரை எப்படிப் பிடித்துக்கொள்ளும் என்பதைப் பாம்பனிலோ தங்கச்சிமடத்திலோ படகு வைத்திருக்கிற யாரிடமும் விளக்க வேண்டியதில்லை. சுட்டு முடித்துக் கழுவும் ஒவ்வொரு முறையும் பற்றுக்காம்புகளைக் கழற்றித் துடைத்து, மரையில் கொஞ்சம் கிரீஸ் தொட்டு, அளவாக இறுக்க வேண்டும். பிடித்துக்கொண்டால் எண்ணெய் விட்டு ஊற வைக்க வேண்டும், சாவியோடு மல்லுக்கட்டினால் தலைப்பட்டை வழுக்கிவிடும். இதற்கெல்லாம் முன்னால், எல்லா அறையும் காலியா என்று பார்ப்பது முதல் வேலை, அதைக் கட்டுரையில் முதல் வரியாகவே வையுங்கள்.

காக்கா, பட்டியலில் "நிப்பிள் அளவு" நிரலை எடுத்துவிட்டு மரை விட்டம், மரை பிட்ச், கேப் எண், காம்பின் உயரம் என்று நான்காகப் பிரித்து அடுத்த வரைவை அனுப்புங்கள். உயரம் எங்கிருந்து எங்கே அளப்பது என்பதற்கு ஒரு படமும் வேண்டும், தம்பி மகனிடம் கழற்றிய ஒன்றை வெர்னியரோடு சேர்த்துப் படம் எடுக்கச் சொல்லுங்கள்.