குசினிச் சுவரை எடுத்து ஹோலோடு சேர்க்கிறது: திருகோணமலைச் சின்ன வீடுகளில் கண்டவை (கேட்டவரும் பதில் சொன்னவர்களும் ஊர்ப் பெயரில்)

பாலையூற்று:
வீட்டுத்திட்டத்தில் கட்டின 550 சதுர அடி வீடு. ஹோல் 12க்கு 10 அடி. அதுக்கு மேற்கே குசினி, 8க்கு 10 அடி. நடுவில் 10 அடிச் சுவர், சீலிங் 9 அடியில். குசினியின் மேற்குச் சுவரில் யன்னல், வடக்குச் சுவரில் பின்கதவு, தெற்கே படுக்கையறை. ஹோலின் கிழக்குச் சுவரில் சாமித்தட்டு. அநேகமாக ஒவ்வொரு நாளும் மீன் பொரியும். நடுச்சுவரை எடுத்து ஒன்றாக்கினால் எங்கெங்கே பிழைக்கும்? செய்து கொடுத்த ஆக்கள் சொல்லுங்கோ.

உவர்மலை, மேசன் வேலை:
முதலில் சீலிங்கில் ஒரு பலகையைக் கழற்றி, ரோர்ச் அடித்து மேலே பாருங்கோ. கூரையைத் தாங்குகிற மரங்களான முகட்டு வளையோ கைமரமோ அந்தச் சுவரில் இருந்தால் அது வெறும் தடுப்புச் சுவர் இல்லை, கூரையின் கால். சுவரைத் தட்டிப் பார்த்து "உள்ளே வெறும் கல்தான்" என்று சொல்லுகிற மேசன் பாஸ்மாரை நம்பவேண்டாம். வீட்டுத்திட்ட வீடுகளில் உள்சுவர் கூரை வரைக்கும் போய் வளையைத் தாங்குகிறது சாதாரணம்.

10 அடியையும் எடுக்கத் தேவையில்லை. இரண்டு பக்கமும் ஒன்றரை அடித் துண்டு விட்டு நடுவில் 7 அடி திறந்தால் போதும். பீம் சின்னதாகும், செலவு குறையும், அந்தத் துண்டுகளே பீமுக்குத் தாங்கலாகவும் நிற்கும். பீமின் ஆழம் இடைவெளியில் பன்னிரண்டில் ஒரு பங்குக்குக் குறையக்கூடாது என்பது மேசன்மாரின் கைக்கணக்கு. 7 அடிக்கு 7 அங்குலம் வரும், ஆனால் 9க்குக் கீழே கட்டுவதில்லை. இரண்டு பக்கமும் 9 அங்குலம் சுவருக்குள் ஏறவேண்டும். சீமெந்துக் கல்லுச் சுவர் என்றால் பீம் குந்துகிற இடத்தில் ஓட்டைக் கல்லை எடுத்து கொங்கிறீட் போடுங்கோ, இல்லாட்டில் கல் நசுங்கி மூலையில் சரிவு வெடிப்பு வரும். கம்பிக் கணக்கை ஒரு பொறியியலாளர் பார்க்கட்டும்.

பிழை நடக்கிறது அநேகமாக பீமுக்குக் கீழே கொடுத்த முட்டுக் கழற்றுகிற நாளில். ஏழாம் நாள் "இறுகிட்டுது" என்று பலகை கழற்றுகிறார்கள். ஏழு நாள் என்பது தண்ணி விடுகிற கணக்கு. அடிமுட்டு 14 நாளாவது நிற்கவேண்டும். கடற்கரைப் பக்கம் என்றால் கம்பிக்கு வெளியே 40 மில்லிமீற்றர் கொங்கிறீட் மூடியிருக்கவேணும். மணலை ஒரு சிட்டிகை நாக்கில் வைத்துப் பாருங்கோ, உப்புக் கரித்தால் திருப்பி அனுப்புங்கோ.

அலஸ்தோட்டம், காற்றோட்டம்:
மேசன் அண்ணை சொன்ன பீமை சீலிங்குக்குள் ஒளிக்கச் சொல்லி யாராவது கேட்பார்கள். படங்களில் அப்படித்தான் இருக்கும். ஒளிக்கவேண்டாம். திறப்பின் மேல் விளிம்பை 7 அடியில் நிறுத்தினால் சீலிங்குக்கும் அதுக்கும் நடுவில் 2 அடிச் சுவர் தொங்கும். சூடான புகை மேலேதான் போகும். அந்த 2 அடி அதைக் குசினிப் பக்கமே பிடித்து வைத்திருக்கும், புகை உறிஞ்சிக்கு (எக்ஸோஸ்ற் ஃபேன்) எடுக்க நேரம் கிடைக்கும். சீலிங் மட்டமாக ஓடினால் அடுப்பில் மிளகாய் போட்ட அரை நிமிடத்தில் சாமித்தட்டடியில் இருமல்.

உறிஞ்சியின் கணக்கு இது. உங்கள் குசினி மட்டும் 8 × 10 × 9, அதாவது 720 கன அடி, ஏறத்தாழ 20 கன மீற்றர். சமைக்கிற இடத்தில் மணிக்கு 12 தரம் காற்று மாறவேண்டும் என்று வைத்தால் 240 கன மீற்றர் போதும். சுவரை எடுத்தபிறகு 20 × 10 × 9, 51 கன மீற்றர். அதே 12 தரத்துக்கு மணிக்கு 610 தேவை. பழைய சின்ன எக்ஸோஸ்ற் ஃபேனை அப்படியே விட்டுவிட்டு "முந்தி நல்லா இழுத்தது, இப்ப பழுதாய்ப் போச்சு" என்கிறார்கள். ஃபேனில் பழுதில்லை, அறைதான் இரண்டரை மடங்காய்ப் போயிற்று. கடையில் அங்குலத்தைக் கேட்காமல் பெட்டியில் எழுதியிருக்கிற கன மீற்றரைப் பாருங்கோ.

எந்தச் சுவர் என்பது அதைவிட முக்கியம். மே தொடங்கி ஓகஸ்ட் தாண்டும் வரை கச்சான் காற்று மேற்கில் இருந்து அடிக்கும். மேற்குச் சுவரில் ஃபேன் வைத்தால் அந்த மாதங்களில் அது காற்றோடு மல்லுக்கட்டும், நிற்பாட்டின உடனே வெளிப்புழுதியை உள்ளே தள்ளும். ஆகவே வெளிவாய் வடக்குச் சுவரில். மார்கழி, தையில் வடகீழ்க் காற்று மழையோடு வரும். அதுக்குக் கீழே பார்த்த மூடியும், காற்று திரும்பி வராமல் தானாக விழுகிற தகடும் போட்டால் சரி.

அடுப்பு மேற்குச் சுவரில், வடக்கு மூலையில் இருந்து ஒன்றரை அடி விட்டு. ஹூட், அதாவது அடுப்புக்கு மேலே புகையைப் பிடிக்கிற கூடு, அடுப்பை விட அகலம் குறையக்கூடாது, பர்னரில் இருந்து 65 முதல் 75 சென்ரிமீற்றர் உயரத்தில். 6 அங்குல அலுமினியக் குழாய், ஒரே ஒரு வளைவு, மூன்றடியில் வெளியே போய்விடும். நெளிநெளியான குழாயை இழுத்து நீட்டாமல் சுருக்கமாக விட்டால் ஒவ்வொரு மடிப்பிலும் எண்ணெய் தேங்கும். கரி வடிகட்டி போட்டுக் காற்றைத் திரும்ப உள்ளேயே விடுகிற ஹூட் மணத்தைக் கொஞ்சம் குறைக்கும். சூட்டையும் ஆவியையும் அப்படியே திருப்பித் தரும், இந்த ஊருக்கு அது வீண் காசு.

இன்னொன்று, உறிஞ்சி ஓடும்போது காற்று உள்ளே வர ஒரு வழி வேண்டும். ஹோலின் கிழக்கு யன்னலை ஒரு கை அகலம் திறந்து விடுங்கோ. காற்று சாமித்தட்டுப் பக்கம் இருந்து அடுப்புப் பக்கம் ஓடும். எல்லாவற்றையும் பூட்டிவிட்டு ஃபேனைப் போட்டால் அது சும்மா இரையும்.

பாலையூற்று:
ஹோலுக்கு ஏசி போடுகிற யோசனையும் இருக்கு.

அலஸ்தோட்டம், காற்றோட்டம்:
12,000 பி.ரி.யூ (BTU) ஏசி அறையில் இருந்து எடுக்கிற சூடு 3.5 கிலோவாட். காஸ் அடுப்பின் பெரிய பர்னர் ஒன்று முழுத் தீயில் 2 முதல் 3 கிலோவாட் வரை சூடு விடும். இரண்டு பர்னர் எரிந்தால் ஏசி தோற்கும். அதோடு உறிஞ்சி குளிர்காற்றையும் சேர்த்து வெளியே எறியும். ஏசியைப் படுக்கையறையில் போடுங்கோ.

கிண்ணியா, அலுமினிய வேலை:
எங்கட பக்கம் வேறொரு காரணமும் இருக்கு. விருந்தாளி வந்து ஹோல்ல இருந்தா உள்ள சமைக்கிறவங்களுக்கு மறைப்பு வேணும். அதனால முழுசாத் திறக்கிறது குறைவு. 7 அடித் திறப்புல 4 அடிக்கு அரைச்சுவர், 3 அடிக்கு வழி விடுங்க. வழி வடக்குப் பக்கமா இருக்கட்டும், பின்கதவால வாறவங்க அடுப்படிக்குக் குறுக்கால போகமாட்டாங்க. அரைச்சுவர் 42 அங்குல உயரம் எடுங்க. மேடை 33 அங்குலம் எண்டா, 9 அங்குலம் மேல நிக்கும், கழுவாத சட்டி பானை ஹோலுக்குத் தெரியாது.

அதுக்கு மேல இழுக்கிற கண்ணாடிக் கதவு போடலாம். தொங்குற பாரத்தை எடுக்கிற மேல் தண்டவாளம்தான் நல்லம், நிலத்துல தண்டவாளம் போட்டா மணலும் சோத்துப் பருக்கையும் அடைச்சு ரெண்டு மாசத்துல இறுகிடும். பொரிக்கிற நேரம் பூட்டலாம், மத்த நேரம் திறந்து விடலாம். பனிக்கண்ணாடி போட்டா வெளிச்சம் வரும், ஆள் தெரியாது.

பான்ரி கப்போட்டுக்கு எம்டிஎஃப் (மரத்தூளை அமுக்கிச் செஞ்ச) பலகை வேணாம். சிங்குக்குக் கீழ ஒரு ஒழுக்கு போதும், விளிம்பு பிஸ்கட் மாதிரி ஊதிடும். பவுடர் கோட் அலுமினியம் போடுங்க, நிலத்துல இருந்து 4 அங்குலம் காலில நிக்கட்டும், கீழ கூட்டித் துடைக்கலாம்.

நிலாவெளி:
கப்போட் அலுமினியம் சரி, கீல்? இங்கே முதலில் போகிறது அதுதான். கதவு பளபளவென்று இருக்கும், கீலைத் திறந்து பார்த்தால் ஸ்பிரிங்கைச் சுற்றி செம்மண் மாதிரி துரு. காந்தம் வைத்துப் பார்த்து வாங்குங்கோ, பலமாக ஒட்டினால் அது அநேகமாக முலாம் பூசின சாதாரண இரும்பு. 304 ஸ்ரெயின்லெஸ்கூட கடலைப் பார்த்த வீட்டில் தேநீர்க் கறை மாதிரி பழுப்பாகும், அது கறை மட்டும்தான், துடைத்தால் போகும். திருகாணிக்கும் இதே கதை.

தம்பலகாமம்:
உயரம் பற்றி. 36 அங்குல மேடை என்று எல்லாரும் ஒரே அளவைக் கட்டுகிறார்கள். சமைக்கிற ஆளின் முழங்கையில் இருந்து 4 முதல் 6 அங்குலம் கீழே மேடை இருக்கவேண்டும். ஐந்தடி ஓரங்குல ஆளுக்கு 33 அங்குலம் வரும். அடுப்பு வைக்கிற இடத்தை இன்னும் 4 அங்குலம் தாழ்த்துங்கோ. மேசை அடுப்பே 4, 5 அங்குல உயரம், அதுக்கு மேல் புட்டுப்பானை ஏறினால் தோள் உயரத்தில் அகப்பை பிடிக்கவேண்டி வரும். அம்மியும் தேங்காய் துருவுகிற திருவலையும் மேடையில் ஏறாது, அதுக்குப் பின்கதவடியில் ஒரு குந்து கட்டுங்கோ.

அரைச்சுவருக்கு மேலே பலகை நீட்டி உயரக் கதிரை போடுகிற யோசனை இருந்தால் ஹோலைத் திரும்ப அளந்து பாருங்கோ. பலகை ஓரடி, கதிரையும் ஆளும் இரண்டடி. 12 அடி ஹோலில் 9 அடிதான் மிஞ்சும். அந்தக் கதிரையில் அம்மம்மா ஏறவும் மாட்டா. 30 அங்குலச் சாதாரண மேசையை அரைச்சுவரோடு ஒட்டிப் போட்டால் நாலு பேர் சாப்பிடலாம்.

பாலையூற்று:
சிங்கை அரைச்சுவர்ப் பக்கம் வைத்தால் ரீவி பார்த்துக்கொண்டே பாத்திரம் கழுவலாம் என்று வீட்டில் சொல்லுகினம்.

உப்புவெளி, குழாய் வேலை:
தண்ணி தெறிக்கிறதும் சில்வர் சத்தமும் நேரே ஹோலுக்குப் போகும். அதை விடுங்கோ, கழிவுக் குழாயைப் பாருங்கோ. அரைச்சுவரில் இருந்து மேற்கு வெளிச்சுவருக்கு 8 அடி. அடிக்குக் கால் அங்குலச் சரிவு என்றால் 2 அங்குலம் இறங்கவேண்டும். 2 அங்குலக் குழாயின் பருமனையும் சேர்த்தால் நிலத்தை 4 அங்குலத்துக்கு மேல் வெட்டவேணும். சரிவு குறைந்தால் சோறும் எண்ணெயும் குழாய் நடுவில் கட்டியாகி நிற்கும், பிறகு ரைல்ஸ் உடைத்துத்தான் எடுக்கலாம். சிங்க் மேற்கு யன்னலுக்குக் கீழேயே இருக்கட்டும். அடுப்புக்கும் சிங்குக்கும் நடுவில் இரண்டரை அடி விட்டால் வெட்டுகிற இடமும் கிடைக்கும். 10 அடி மேடை சரியாகப் பங்கு பிரியும்: மூலை ஒன்றரை, அடுப்பு இரண்டரை, வெட்டுகிற இடம் இரண்டரை, சிங்க் இரண்டு, மிச்சம் ஒன்றரை பாத்திரம் வடிய.

குசினி நிலம் ஹோலை விட முக்கால் அங்குலம் தாழ்ந்திருக்கும், பழைய வீடுகளில் அப்படித்தான். சுவரை எடுத்த இடத்தில் அது ஒரு தடக்கலாகும். குசினியை உயர்த்தி ஒரே மட்டமாக்குங்கோ. அதுக்குப்பிறகு வாளித் தண்ணி ஊற்றிக் கழுவ முடியாது என்பதையும் வீட்டில் சொல்லிவிடுங்கோ.

சாம்பல்தீவு:
காஸைப் பற்றி ஒருத்தரும் சொல்லவில்லையே. இந்தக் காஸ் காற்றை விடப் பாரம். கசிந்தால் நிலத்தோடு தவழும். முந்தி குசினிக் கதவைப் பூட்டினால் ஓரளவுக்கு அங்கேயே நிற்கும், வெளிக்கதவுக்குக் கீழால் போகும். இப்போது சோபாவுக்கு அடியில், ஃபிரிட்ஜுக்குப் பின்னால், மேசையில் படிக்கிற பிள்ளையின் காலடியில் என்று பரவும். 12.5 கிலோ சிலிண்டரைப் பின்கதவுக்கு வெளியே, நிழலில், அடியிலும் மேலிலும் வலை வைத்த பெட்டியில் நிமிர்த்தி வையுங்கோ. சுவருக்குள்ளால் ரப்பர் ரியூப்பை விடக்கூடாது. சுவருக்குள் செப்புக் குழாய், அடுப்படியில் மட்டும் குட்டை ரியூப், இரண்டு முனையிலும் கிளிப். ரியூப்பை 2 வருடத்துக்கு ஒருக்கா மாற்றுங்கோ, வெடிப்புத் தெரியும் வரை பார்த்துக்கொண்டிருக்காதேங்கோ.

2021 கடைசியில் நாடு முழுக்கக் காஸ் அடுப்புகள் வெடித்தது நினைவிருக்கும். சிலிண்டரில் புரோப்பேன் பங்கு கூடினால் அழுத்தமும் கூடும், இளகின இணைப்பு அப்போது காட்டிக்கொடுக்கும். புதுச் சிலிண்டர் மாட்டும்போதெல்லாம் சவர்க்காரத் தண்ணியைப் பிரஷால் ரெகுலேற்றரின் கழுத்தில் பூசிப் பாருங்கோ. ஒரு குமிழி மெதுவாக ஊதி, உடைந்து, அதே இடத்தில் திரும்ப ஊதினால் கசிவு. மூக்கை நம்பவேண்டாம், தடிமன் காலத்தில் அதுவும் லீவு.

அடுப்பு யன்னலுக்கு நேரே இருந்தால் கச்சானில் தீ அணைந்து காஸ் மட்டும் வந்துகொண்டிருக்கும். அந்த வகையில் மேலே சொன்ன வடக்கு மூலைதான் சரி. ஹோல் சீலிங் ஃபேனும் தீயை ஆட்டும், அடுப்பில் இருந்து 8 அடிக்குள் வரக்கூடாது.

லிங்கநகர், வயரிங்:
சுவரை உடைக்க முன் மெயினை நிற்பாட்டுங்கோ. ஹோல் லைற், ஃபேன் சுவிச்சுகள் அநேகமாக அந்தச் சுவரில்தான் இருக்கும், அதை விடுகிற ஒன்றரை அடித் துண்டுக்கு மாற்றவேண்டும். கேற்றில் 2 கிலோவாட், 230 வோல்ற்றில் ஏறத்தாழ 9 அம்பியர். அதையும் மைக்ரோவேவையும் ஒரே எக்ஸ்ரென்ஷனில் கொளுவினால் வயர் உருகும். மேடைக்கு 2.5 சதுர மில்லிமீற்றர் வயரில் தனி இணைப்பு, 13 அம்பியர் பிளக் நாலு, மேடையில் இருந்து ஒரு சாண் மேலே, சிங்குக்கு நேர் மேலே ஒன்றும் வேண்டாம். 30 மில்லியம்பியர் ட்ரிப் சுவிச் இல்லாத பழைய போர்ட் என்றால் அதை முதலில் மாற்றுங்கோ.

தம்பலகாமம்:
மீன் பொரியலுக்கு மட்டும் ஒரு முடிவு எடுங்கோ. எந்த ஹூட் போட்டாலும் சூடை, கீரி மீன் பொரிக்கிற வாடை திரைச்சீலையில் ஏறும். பின்கதவுக்கு வெளியே, சிலிண்டர்ப் பெட்டியில் இருந்து தள்ளி, 5க்கு 4 அடியில் ஒரு தாழ்வாரம் இறக்கி, 28 அங்குலத்தில் ஒரு மேடை, மேற்கே மறைப்புத் தகரம். ஒற்றை அடுப்போ விறகடுப்போ அதில் வைக்கலாம். பழைய கூரை அஸ்பெஸ்ரோஸ் சீற் என்றால் தாழ்வாரத்தைப் பொருத்த அதை வெட்டவோ துளைக்கவோ வேண்டாம், தூசி நெஞ்சுக்குக் கூடாது. சுவரில் தனியாக வளை பிடித்து இறக்குங்கோ. விரத நாளில் உள் அடுப்பில் மரக்கறி, மற்ற நாளில் வெளியே மீன் என்றால் சாமித்தட்டை இடம் மாற்றவும் தேவையில்லை.

பாலையூற்று:
தாழ்வாரத்துக்கு வடக்கே 6 அடி இருக்கு, பிறகு மதில். விறகடுப்பு என்றால் அடுத்த வீட்டு யன்னலுக்குப் புகை போகுமே?

தம்பலகாமம்:
போகும். கச்சானில் கிழக்கே இழுத்துக்கொண்டு போகும், மார்கழியில் உங்கள் பின்கதவுக்கே திரும்பி வரும். 6 அடிக்குள் விறகு வேண்டாம், காஸ் ஒற்றை அடுப்பே போடுங்கோ.