பின்வாசல் வழியாக வந்த கேள்வி

கடலூரில்தான் இருக்கிறேன். கணவருக்கு துபாயில் வேலை, இரண்டு பிள்ளைகள். போன வருடம் அவர் லீவில் வந்துபோன பிறகு நாள் தள்ளிப்போனது, பார்த்தால் ஒன்பது வாரம். மூன்றாவது வேண்டாம் என்று போனில் பேசி முடிவெடுத்தோம். தெரிந்தவர் யார் கண்ணிலும் பட வேண்டாம் என்று திருப்பாதிரிப்புலியூரில் பஸ் ஏறி புதுச்சேரிக்குப் போனேன்.

அங்கே ஒரு தனியார் மருத்துவமனையில் முதல் கேள்வியே, "வீட்டுக்காரர் வரலையா? அவர் கையெழுத்து வேணுமே." 18 வயது முடிந்த பெண்ணுக்கு அவள் சம்மதம் மட்டும் போதும் என்கிறது 1971ஆம் ஆண்டுக் கருக்கலைப்புச் சட்டம். 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமும் இதைத் தெளிவாகச் சொன்னது. அன்றைக்கு எனக்கு இதெல்லாம் தெரியாது, அவரைப் போனில் பேச வைத்த பிறகுதான் உள்ளே விட்டார்கள்.

பத்தே நாளில் தெருவுக்கே தெரிந்துவிட்டது, எப்படி என்று இன்றுவரை புரியவில்லை. எங்கள் தெருவில் ஒரு கட்சிக்காரர் இருக்கிறார். முனைக் கூட்டத்தில் மைக் பிடித்து, ஜனத்தொகை குறைந்தால் நம் எம்.பி. தொகுதியும் குறையும், இந்தக் காலத்துப் பெண்கள் வயிற்றிலேயே அழித்துவிட்டு வருகிறார்கள் என்று என் வீட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார். என் அம்மா காலத்தில் "நாம் இருவர் நமக்கு இருவர்" என்று சுவரெல்லாம் எழுதினார்கள். அப்போதும் சரி, இப்போதும் சரி, சுமக்கிறவளை யாரும் கேட்கவில்லை.

அப்புறம் சில மாதம் கழித்து, ஒரு மத்தியானம் அந்தக் கட்சிக்காரரின் மனைவி பின்வாசல் வழியாக வந்தார். முந்தானை நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டே, "நீ போனியே, அது எந்த ஆஸ்பத்திரிம்மா? பேரு வெளிய வராதுல்ல? அவருதான் கேட்டுட்டு வரச் சொன்னாரு" என்றார். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. பெயரை வெளியே சொல்லும் டாக்டருக்கு ஓராண்டு வரை சிறை உண்டு, 18 வயது முடிந்திருந்தால் கையெழுத்துக்கு வேறு யாரும் வேண்டாம், தைரியமாகப் போகச் சொல்லுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். அந்தப் பெண் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவள் முடிவு, அவள் உடம்பு.

அடுத்த மாதமே அதே முனையில் மறுபடி மைக், அதே பேச்சு. நான் பால் வாங்கிக்கொண்டு வந்தேன். திண்ணையில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி என்னைப் பார்த்ததும் எழுந்து உள்ளே போய்விட்டார்.