சண்டை பிடிக்காமப் பிரிய இஞ்ச வழி இருக்கோ?

கோண்டாவில்காரி:
கலியாணம் கட்டி 14 வருசம். இவர் ஒரு வருசமாத் தாய்வீட்டில. அடிதடி, குடி ஒண்டுமில்லை, ஒத்துவரேல்லை, அவ்வளவுதான். மகளுக்கு 11 வயசு. ஞாயிற்றுக்கிழமையில தேப்பனோட நல்லூரடிக்குப் போய் ஐஸ்கிறீம் குடிச்சிட்டு வருவாள். அது கெடக்கூடாது.

என்ர அண்ணா ரொறன்ரோவில 'கொலாபரேட்டிவ்' எண்ட முறையில பிரிஞ்சவர். புருசன் பெண்சாதியும் ஆளுக்கொரு லோயரும் ஒரே மேசையில இருந்து கதைக்கிறது. கதை முறிஞ்சு கோட்டுக்குப் போனா அந்த ரண்டு லோயரும் விலகவேணும் எண்டு முதலே கையெழுத்து. இழுத்தடிச்சு அவைக்கு லாபமில்லை பாருங்கோ. இஞ்ச ஏலுமோ? நான் போய்ப் பாத்த லோயர் முதல் கேட்டது "அவருக்கு வேற தொடர்பு இருக்கோ?" இருந்தா வழக்குச் சுகமாம்!

பனையடி:
கேட்டதில பிழையில்லை அக்கா. இலங்கையின்ர 1907ஆம் ஆண்டு விவாகப் பதிவுக் கட்டளைச்சட்டத்தில விவாகரத்துக்கு மூண்டு காரணம்தான்: சோரம் (வேற தொடர்பு), கெட்ட எண்ணத்தோட கைவிட்டுப் போறது, கட்டேக்கையே தீராத ஆண்மைக்குறை. ரண்டு பேரும் சம்மதிச்சுப் பிரியிறது காரணமே இல்லை. பொய்க்காரணத்தைக் கூடிச் சோடிச்சாக் கோடு வழக்கைத் தள்ளிப்போடும். ஆனா இவர் திரும்பி வாற எண்ணமில்லாமப் போனவரெண்டா ரண்டாவது உண்மையாவே பொருந்தலாம். பிள்ளை ஆரோட, செலவு எவ்வளவு எண்டதுகளை அண்ணா செய்தமாதிரி முதலே கதைச்சு எழுதுங்கோ. தற்காலிகத் தீர்ப்பு வந்து 3 மாதத்துக்குப் பிறகுதான் முடிவுத் தீர்ப்பு.

பழைய நொத்தாரிசு:
பிள்ளை, வீடு சீதனமோ?

கோண்டாவில்காரி:
ஓம் ஐயா. அம்மா எழுதித் தந்தது.

பழைய நொத்தாரிசு:
அப்ப அதை முதல் கதையுங்கோ. தேசவழமைப்படி (யாழ்ப்பாணத் தமிழருக்கான வழமைச் சட்டம்) வீடு உம்முடையதுதான். ஆனா கலியாணம் நிக்குமட்டும் அவற்ற எழுத்துச் சம்மதமில்லாம விக்க ஏலாது, 1911ஆம் ஆண்டுச் சட்டம். அவர் மறுத்தா மாவட்ட நீதிமன்றத்தில அனுமதி கேக்கலாம். அதுவும் ஒரு வழக்குத்தானே. நல்லாக் கதைக்கிற நேரத்திலயே கையெழுத்தை வாங்கும். பிறகு மாமிமார் உள்ளுக்க வந்திடுவினம்.

கோண்டாவில்காரி:
மாமி எப்பவோ வந்திட்டா ஐயா. நேற்று இவரோட கதைச்சன். பிள்ளைச் செலவு, ஞாயிறு எல்லாத்துக்கும் ஓம். 'கெட்ட எண்ணத்தோட' எண்ட சொல்லுத்தான் தொண்டைக்குள்ள நிக்குது. "நான் அப்பிடியே போனனான்?" எண்டு மூண்டுதரம் கேட்டார். வெள்ளிக்கிழமை ரண்டு லோயரோடயும் ஒண்டா இருக்கச் சம்மதம். வீட்டுக் கையெழுத்தையும் அண்டைக்கே கேக்கப்போறன்.