பரீட்சைக்கு முந்தின ராத்திரி தூங்கணுமா, முழிச்சுப் படிக்கணுமா?

பிளஸ்டூ அப்பா:
பொண்ணுக்கு மேத்ஸ் பரீட்சை வருது. ராத்திரி 2 மணி வரைக்கும் உக்காந்திருக்கா, திரும்ப 5 மணிக்கு அலாரம். எங்கம்மா புள்ளைய தூங்க விடுடாங்கறாங்க, வீட்டுக்காரி இன்னும் கொஞ்ச நாள்தானேங்கறா. என்ன பண்றதுன்னே புரியல.

ராத்திரி ஆந்தை:
விட்டுடுங்க சார், படிக்கட்டும். நான் 2014ல பிளஸ் டூ, பரீட்சை முடியற வரைக்கும் மூணு மணி நேரம்தான் தூக்கம், 1200க்கு 1108 எடுத்தேன். கட் ஆஃப்ல அரை மார்க் போனா காலேஜே மாறிடும், தூக்கத்த ஏப்ரல்ல பாத்துக்கலாம்.

கணக்கு டீச்சர்:
தம்பி, நீங்க எடுத்தீங்க, சந்தோஷம். நான் பல வருஷமா ஹால் சூப்பர்வைசரா நிக்கறேன், 10.15க்கு எழுத ஆரம்பிச்சு பதினொன்றரைக்கெல்லாம் கண்ணு சொருகி தல தொங்கற புள்ளைங்கள பாத்திருக்கேன். கணக்குல 30வது, 40வது கேள்வி கட்டாய வினா, வருஷம் முழுக்க சொல்லிக் குடுத்திருப்போம், அன்னிக்கு அத விட்டுட்டு வேற கேள்விய எழுதிட்டு வந்து அழுவாங்க. தெரியாம இல்ல, முழிச்சு முழிச்சு கவனம் செத்துப்போச்சு. அதுவும் இல்லாம படிச்சது மண்டையில நல்லா பதியறது தூங்கறப்பதான்.

ராத்திரி ஆந்தை:
பதியறதெல்லாம் எல்லாரும் சொல்றதுதான் மேடம், ஆதாரம் இருக்கா?

கணக்கு டீச்சர்:
1924லயே கார்னெல் பல்கலைக்கழகத்துல ஜென்கின்ஸ், டாலன்பாக்னு ரெண்டு பேர் பண்ணிப் பாத்தாங்க. அர்த்தமில்லாத எழுத்துக்கூட்ட மனப்பாடம் பண்ண வச்சு, சில மணி நேரம் தூங்கினப்புறமும் அதே நேரம் முழிச்சிருந்தப்புறமும் கேட்டாங்க, தூங்கினப்பதான் நிறைய ஞாபகம் இருந்துச்சு. அப்ப ரெண்டே மாணவர்கள்தான், ஆனா அதுக்கப்புறம் எத்தனையோ பேர வச்சு பண்ணியாச்சு. 13லேர்ந்து 18 வயசுக்கு 8 முதல் 10 மணி நேரம் தூக்கம் வேணும்னு அமெரிக்க தூக்க மருத்துவ அகாடமி 2016ல சொல்லியிருக்கு, பரீட்சை நேரத்துல நம்ம புள்ளைங்க பல பேர் அவ்ளோ தூங்கறதில்ல.

ஒத்த ரூம் வீடு:
எட்டு மணி நேரமா? எங்க வீட்ல ஒரே ரூம், அஞ்சு பேர். டிவி 11 மணிக்குதான் நிக்கும், அதுக்கப்புறம்தான் எனக்கு சத்தமில்லாம படிக்கவே முடிஞ்சுது. காலைல 6 மணிக்கு தண்ணி வந்துடும், குடம் வைக்கணும். தூங்கு தூங்குன்னு சொல்றவங்க முதல்ல அந்த டிவிய அணைக்கச் சொல்லுங்க.

கணக்கு டீச்சர்:
நீ சொல்றது நூத்துக்கு நூறு சரிம்மா. அத வீட்ல இருக்கறவங்கதான் செய்யணும், புள்ளைங்க தலையில கட்டக் கூடாது. ஸ்பெஷல் கிளாஸ்னு ராத்திரி 7 வரைக்கும் உக்கார வைக்கற எங்களையும் சேத்துதான் சொல்றேன்.

ராத்திரி ஆந்தை:
சரி, ஒரு பாடம் தொடவே இல்லன்னா? அப்பவும் தூங்கணுமா?

கணக்கு டீச்சர்:
அப்ப கூட 11 மணிக்கு மூடி வைக்கணும். புதுசா ஒரு சாப்டர அரைகுறையா ஏத்திக்கறதுக்காக, தெரிஞ்ச பத்து கணக்க தப்பா போட்டுட்டு வரக்கூடாதுங்கறேன். சாயந்திரத்துக்கு மேல காபி வேணாம், அதுல இருக்கற காஃபீன் பாதி கொறையவே சுமார் அஞ்சு மணி நேரமாகும், படுத்தாலும் தூக்கம் வராது.

ராத்திரி ஆந்தை:
நான் இன்னும் முழுசா ஒத்துக்கல மேடம். ஆனா பிசிக்ஸ் அன்னிக்கு எனக்கு கை நடுங்குச்சு, தெரிஞ்ச டெரிவேஷன் பாதியில நின்னுச்சு. பயம்னுதான் இத்தன வருஷம் நெனச்சேன்.

பிளஸ்டூ அப்பா:
எல்லாருக்கும் நன்றி. இன்னிக்கு பத்தரைக்கு வீட்ல எல்லா லைட்டும் அணைச்சாச்சு, டிவியும். அலாரத்த ஆறரைக்கு மாத்திட்டேன், கொஞ்சம் சண்டை போட்டா, இப்ப எங்கம்மா பக்கத்துல படுத்து தூங்கிட்டா.