மறு: வல்னரபிலிட்டிக்குத் தமிழ்ச்சொல் - ‘ஓட்டை’ ஏன் போதும்?

வணக்கம்.

தாக்குபவர் பயன்படுத்திக்கொள்ளக்கூடிய மென்பொருள் பாதுகாப்புக் குறையைத்தான் ஆங்கிலத்தில் வல்னரபிலிட்டி (vulnerability) என்கிறார்கள். அதற்கு ‘ஓட்டை’ என்பதே போதும் என்பது என் கருத்து, மறுப்புகளுக்கும் மற்றப் பரிந்துரைகளுக்கும் கீழே பதில் சொல்கிறேன்.

> ‘ஓட்டை’ பேச்சுவழக்கு. ஆவணங்களில் ‘பாதிப்பு’ என்றே எழுதலாமே.

‘பாதிப்பு’ வேண்டவே வேண்டாம். பாதிப்பு என்பது நடந்து முடிந்த பிறகு வருவது, நாம் பேசுவதோ இன்னும் எதுவும் நடக்காத நிலையைப் பற்றி. ‘உலாவியில் பாதிப்பு’ என்று செய்தி வந்தால் படிப்பவர் தன் கணினி ஏற்கெனவே கெட்டுவிட்டது என்று பதறுவார், அல்லது எனக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று இற்றைப்படுத்தாமல் (அப்டேட் செய்யாமல்) விட்டுவிடுவார், இரண்டுமே தப்பு.

‘ஊறுபடுதன்மை’ இலக்கணப்படி சரி, ஆனால் அது ஒரு தன்மையின் பெயர். ஆங்கிலச் சொல் தன்மையையும் குறிக்கும், எண்ணக்கூடிய ஒரு பொருளையும் குறிக்கும். வெளியீட்டுக் குறிப்புகளில் நமக்கு வேண்டியது இரண்டாவதுதான். சிவிஇ (CVE) என்ற பொதுப் பட்டியலில் எண் கொடுத்துக் குறிப்பிடுவது ஒவ்வொரு தனிக் குறையையும் அல்லவா? ‘மூன்று ஊறுபடுதன்மைகள் சரிசெய்யப்பட்டன’ என்று எழுதிப் பாருங்கள், யாருக்கும் ஒட்டாது.

‘புழை’ (துளை) அழகான பழஞ்சொல், எனக்கும் பிடிக்கும். ஆனால் அதற்கு முதலில் பொருள் சொல்ல வேண்டியிருக்கும். ‘நுழைவழி’ என்ற பரிந்துரையில் வேறொரு சிக்கல், அது உள்ளே வருவதை மட்டும்தான் காட்டுகிறது. 2023 செப்டம்பரில் வெளிவந்த லிப்வெப்பி பிரச்சினைக்கு அது பொருந்தும். வெப்பி (WebP) வகைப் படங்களை விரித்துக் காட்டும் நிரலகம் (பல செயலிகள் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பு) அது, தவறாக வடிவமைத்த ஒரு படத்தைக் கொடுத்தால் ஒதுக்கிய நினைவகத்தைத் தாண்டி எழுதிவிடும், அதன் வழியே தாக்குபவரின் நிரல் ஓட வாய்ப்புண்டு. குரோம், ஃபயர்பாக்ஸ், தண்டர்பேர்ட் எல்லாமே அதே நிரலகத்தைப் பயன்படுத்தியதால் உலாவி, மின்னஞ்சல் என்ற வேறுபாடில்லாமல் எல்லோரும் அவசரமாகத் திருத்தம் வெளியிட்டார்கள்.

ஆனால் 2018-இல் வெளிவந்த ஈஃபெயில் (EFAIL) என்ற மின்னஞ்சல் தாக்குதலைப் பாருங்கள். மறையாக்கிய பழைய மடல் ஒன்று தாக்குபவர் கையில் இருக்கிறது, அவரால் படிக்க முடியாது. அதற்கு முன்னால் ஒரு எச்டிஎம்எல் படக்குறியைத் திறந்து, முகவரியின் மேற்கோளை மூடாமல் விட்டு, பின்னால் இன்னொரு துண்டில் மூடி, உரியவருக்கே திருப்பி அனுப்புகிறார். அவருடைய மின்னஞ்சல் செயலி மறையை அவிழ்த்து எல்லாத் துண்டுகளையும் ஒரே பக்கமாகச் சேர்த்துவிட்டால், அவிழ்ந்த வாசகமே படத்தின் முகவரியாகிவிடும், செயலி படத்தைக் கேட்கப் போகும்போது ரகசியம் தாக்குபவரின் வழங்கிக்கு (சர்வர்) போய்ச் சேரும். இதில் யாரும் உள்ளே நுழையவில்லை, உள்ளிருந்தது வெளியே கசிந்தது. 2023 மார்ச்சில் திருத்தப்பட்ட அவுட்லுக் மின்னஞ்சல் செயலியின் பிரச்சினையும் அப்படித்தான். நினைவூட்டல் ஒலிக்கோப்பின் இடத்தில் தாக்குபவரின் வழங்கி முகவரியை வைத்து அனுப்பினால், பயனர் எதையும் சொடுக்காமலே அவருடைய கடவுச்சொல்லிலிருந்து பெறப்பட்ட அடையாளத் தரவு வெளியே போய்விடும்.

ஓட்டை வழியாக உள்ளேயும் வரலாம், வெளியேயும் ஒழுகலாம். இரண்டையும் ஒரே சொல் தாங்குகிறது என்பதுதான் என் முக்கியமான காரணம்.

> ஐலவ்யூ புழு பயன்படுத்தியதும் ஓட்டைதானே?

இல்லை, அதை இதில் சேர்க்கக் கூடாது என்று நினைக்கிறேன். 2000-இல் அது பரவியது பெரும்பாலும் மனிதர்கள் மின்னஞ்சலோடு வந்த இணைப்புக் கோப்பைத் திறந்ததால்தான், உரைக்கோப்பு போலப் பெயர் வைத்திருந்த நிரல் அது. அதை ‘ஏமாற்று’ என்போம். எல்லாவற்றையும் ஓட்டை என்றால் சொல் நீர்த்துப்போகும்.

அப்புறம், ஓட்டையைப் பயன்படுத்தித் தாக்கும் நிரலான எக்ஸ்பிளாய்டுக்குச் ‘சுரண்டல்’ என்று சில மொழிபெயர்ப்புகளில் பார்க்கிறேன், தயவுசெய்து வேண்டாம், அது உழைப்பைச் சுரண்டுவது. ‘தாக்குநிரல்’ போதும். ஜீரோ-டே (திருத்தம் வரும் முன்பே தாக்குபவருக்குத் தெரிந்துவிட்ட ஓட்டை) என்பதற்குத் தனி இழை தொடங்கலாம், இங்கே கலக்க வேண்டாம்.

என் முன்மொழிவு: முதல்முறை வரும்போது ‘பாதுகாப்பு ஓட்டை’, பிறகு வெறும் ‘ஓட்டை’. பக், அதாவது நிரலில் உள்ள பிழை, என்பதற்கு ‘வழு’ அப்படியே இருக்கட்டும். எல்லா ஓட்டையும் வழுவால் வருவதில்லை, வடிவமைப்பிலேயே வருவதும் உண்டு, அதனால் இரண்டையும் ஒன்றாக்கக் கூடாது. வாக்கியத்தில் வைத்தால்:

“இந்தப் பதிப்பில் 3 பாதுகாப்பு ஓட்டைகள் அடைக்கப்பட்டுள்ளன.”
“ஓட்டையுள்ள பழைய பதிப்பைப் பயன்படுத்துகிறீர்கள், உடனே இற்றைப்படுத்துங்கள்.”

மாற்றுச்சொல் வைத்திருப்பவர்கள் அதை இந்த இரண்டு வாக்கியங்களிலும் பொருத்தி அனுப்புங்கள், ஒப்பிட்டுப் பார்க்க எளிதாக இருக்கும்.